நீலகிரி வெப்பப் பதிவு: தரைக் கணக்கும் செயற்கைக்கோள் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 11

ஐயா, நான் கோவையில் படிக்கும் மாணவன். கடந்த ஏப்ரல் 28 அன்று உதகையில் 29 டிகிரி பதிவாகி, 1986 ஏப்ரலில் பதிவான 28.5 டிகிரியைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. மலையில் யாரைக் கேட்டாலும் பழைய குளிர் இல்லை என்கிறார்கள். ஆனால் செயற்கைக்கோள் வழியாகக் கணக்கிடப்படும் அடிவளிமண்டல வெப்பநிலை, உலக அளவில் 1979 முதல் பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி மட்டுமே உயர்ந்திருக்கிறது. தரை நிலையங்கள் வெப்பத்தை மிகைப்படுத்துகின்றன என்பதே என் எண்ணம். இது சரியா?

2024 நவம்பர் 12

சரியில்லை, தம்பி. நான் நீலகிரியின் குந்தா பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1984 முதல் 2016 வரை ஃபீல்டு ஆபீசராக இருந்தேன். மஸ்டர் (தொழிலாளர் வருகைப் பதிவு) முடிந்ததும் காலை 7 மணிக்கு மழைமானியையும் வெப்பமானிகளையும் படித்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. ஓய்வு பெறும்போது நிர்வாகத்தின் அனுமதியோடு அந்த 32 ஆண்டுப் பதிவுகளையும் நகலெடுத்துக்கொண்டு வந்தேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் குறைந்தபட்ச வெப்பநிலையை எடுத்துக்கொண்டால், முதல் பத்தாண்டின் சராசரிக்கும் கடைசிப் பத்தாண்டின் சராசரிக்கும் இடையே ஏறத்தாழ 2 டிகிரி உயர்வு இருக்கிறது. என் கையால் எழுதிய எண்கள் இவை. உங்கள் செயற்கைக்கோள் கணக்குப்படி இதே காலத்தில் அரை டிகிரி உயர்ந்திருந்தால் அதிகம். மிகைப்படுத்த எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

2024 நவம்பர் 13

நேற்று சற்று வேகமாக எழுதிவிட்டேன். செயற்கைக்கோள் எதை அளக்கிறது என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதில் வெப்பமானி இல்லை. காற்றில் உள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளிவிடும் நுண்ணலைக் கதிர்வீச்சை, சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களைச் சுற்றிவரும் கலம் அளக்கிறது. அதிலிருந்து பல கிலோமீட்டர் தடிமனுள்ள காற்றுப் படலத்தின் சராசரி வெப்பநிலையைக் கணித்துப் பெறுகிறார்கள். அந்தச் சராசரியில் அதிகப் பங்கு பெறுவது தரையிலிருந்து சில கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்று. என் வெப்பமானி அளந்ததோ புல்தரைக்கு மேலே நான்கடி உயரத்தில், வெப்பமானிக்கு வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து வரும் வெள்ளையடித்த ஸ்டீவன்சன் பெட்டிக்குள் இருந்த காற்றை.

பரப்பளவையும் பாருங்கள். அந்தக் கணக்கின் ஒரு கட்டம் 2.5 டிகிரி அகலம், அதாவது ஏறக்குறைய 275 கிலோமீட்டர். நீலகிரி விழும் கட்டத்துக்குள் கோழிக்கோடும் மைசூரும் பாலக்காடும் கோவையும் அரபிக் கடலின் ஒரு துண்டும் அடங்கிவிடுகின்றன. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே மட்டும் சுமார் 1,900 மீட்டர் ஏற்றம், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கில் 12 டிகிரி வேறுபாடு. அந்தக் கட்டத்தின் சராசரி எந்த ஊருக்கும் உரியது அன்று. ஆகவே இரண்டு பதிவுகளின் வெப்பநிலையை நேராக ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு பதிவையும் அதனதன் மாதச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று மாற்றிக்கொண்டு, அந்த விலகல்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

2024 நவம்பர் 17

"செயற்கைக்கோளை யாரும் இடம் மாற்றுவதில்லை, வெள்ளையடிப்பதில்லை, பக்கத்தில் கட்டடம் கட்டுவதில்லை" என்று மாணவர் தனியே எழுதியிருந்தார். இந்த நம்பிக்கை பலருக்கும் உண்டு என்பதால் அதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தப் பதிவு ஒரே கலத்தின் பதிவு அன்று. 1978 இறுதியில் தொடங்கி, அடுத்தடுத்து ஏவப்பட்ட பல கலங்களின் அளவீடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தைத்தது. அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் 1990-இல் முதன்முதலாக அப்படித் தைத்து வெளியிட்டபோது தரைப் பதிவுகள் காட்டிய வெப்பமாதல் அதில் தெரியவில்லை. 1998-இல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷேபலும் ஒரு காரணத்தைக் கண்டார்கள்: மேல் வளிமண்டலத்தின் உராய்வால் கலங்கள் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டிருந்தன, தாழ்ந்தால் சாய்வாகப் பார்க்கும் கோணம் மாறும், அது இல்லாத குளிர்ச்சியைக் கணக்கில் புகுத்தியிருந்தது. கலங்கள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்தது. பிற்பகல் 2 மணிக்குப் பார்த்த ஊரைச் சில ஆண்டுகள் கழித்து மாலையில் பார்த்தால், ஊர் குளிர்ந்துவிட்டதாகத்தான் தோன்றும். இதற்குச் செய்த திருத்தத்திலேயே கூட்டல், கழித்தல் குறி மாறிப் போயிருந்ததை 2005-இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் காட்டினார்கள். ஹண்ட்ஸ்வில் அணியினர் அதை ஏற்றுத் திருத்தியபோது பத்தாண்டுப் போக்கு 0.035 டிகிரி உயர்ந்தது. அந்தப் பிழை மிகுதியாக இருந்தது வெப்ப மண்டலப் பகுதியில், அதாவது நாம் இருக்கும் இடத்தில்.

இன்றும் இரு அணியினரின் விடை ஒன்றாக இல்லை. பெரும்பாலும் அதே கலங்களின் அளவீடுகளை வைத்துக்கொண்டு ஹண்ட்ஸ்வில் அணி பத்தாண்டுக்குச் சுமார் 0.15 என்கிறது, மியர்ஸ், வென்ட்ஸ் அணியின் கணக்கு 0.2-க்குச் சற்று மேலே என்கிறது. தரை நிலையங்களின் உலகச் சராசரி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆகவே கலத்தையும் இடம் மாற்றினார்கள், தம்பி. மாற்றியது காற்றின் உராய்வும் சூரியனின் ஈர்ப்பும். பதிவேட்டில் எழுதி வைக்க அங்கே ஆள் இல்லை.

2024 நவம்பர் 24

ஒரு வாரமாக இதே வேலைதான். உதகைக்குப் பக்கத்தில் ஆசிரியராக இருக்கும் என் மகள் செயற்கைக்கோள் கட்டத்தின் மாதாந்திர விலகல்களை இறக்கிக் கொடுத்தாள். என் பதிவேட்டின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் 1984 முதல் 2016 வரையிலான மாதச் சராசரிகளிலிருந்து விலகலாக மாற்றி, ஒவ்வொரு மாதத்துக்கும் என் எண்ணிலிருந்து செயற்கைக்கோள் எண்ணைக் கழித்தோம். இப்படிக் கழித்தால், வட்டாரம் முழுவதுக்கும் பொதுவான ஏற்ற இறக்கங்கள், பினாட்டுபோ எரிமலை 1991-இல் வெடித்த பின் வந்த குளிர்ச்சி, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளின் வெப்பம் ஆகியவை பெரும்பாலும் அடிபட்டுப் போய்விடும். எஞ்சுவது என் இடத்துக்கே உரிய மாற்றம்.

மெல்ல ஏறும் ஒரு கோட்டை நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு படி. 1997 கடைசி வரை ஏறத்தாழச் சமமாக ஓடுகிறது. அங்கே ஒரேயடியாக ஏறுகிறது. பிறகு மீண்டும் ஏறத்தாழச் சமமாக ஓடுகிறது. காலநிலை இப்படி ஒரே மாதத்தில் படி ஏறாது.

1997-இல் என்ன நடந்தது என்பது இரவு உணவின்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபேக்டரிக்குக் கீழே ஓடைக்கரைப் பள்ளத்தில் இருந்த ஸ்டீவன்சன் பெட்டியின் கால்கள் செல்லரித்துச் சாய்ந்ததால், புதிய கால்கள் அடித்து, பங்களாவுக்குப் போகும் சரிவில், இரவில் பள்ளத்தைவிடக் குளிர் குறைந்த இடத்தில், கொண்டுபோய் வைத்தோம். அன்று ஆட்களை அழைத்துப் போய் நிறுத்தியதே நான்தான். பள்ளத்துக்கு நடந்து இறங்கி ஏறும் நேரம் மிச்சம் என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அடுத்த ஆண்டு 1998, பெரிய எல் நினோவை ஒட்டி, அதுவரை பதிவான உலக ஆண்டுகளில் மிகவும் வெப்பமான ஆண்டு. என் பதிவேட்டில் எண்கள் உயர்ந்தபோது அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். எல் நினோ போன பின்னும் எண்கள் இறங்காததைக் கவனிக்கத் தவறினேன்.

12-ஆம் தேதி எழுதிய "2 டிகிரி" என்ற கூற்றை இத்துடன் திரும்பப் பெறுகிறேன்.

2024 நவம்பர் 25

"அப்படியானால் நான் சொன்னதுதான் சரி, தரைப் பதிவு மிகைப்படுத்தியிருக்கிறது" என்கிறார் மாணவர். இந்த ஒரு பெட்டி மிகைப்படுத்தியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் காட்டிக்கொடுத்தது ஒப்பீடு. செயற்கைக்கோள் எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் துணையாகக் கொண்டதால்தான் படி தெரிந்தது. பெட்டியை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மாற்றியிருந்தால் இதே பதிவு மலை குளிர்ந்துவிட்டதாகச் சொல்லியிருக்கும்.

2024 டிசம்பர் 8

தோட்டத்தின் இப்போதைய நிர்வாகத்திடம் கேட்டு, ஓடைக்கரையில் பழைய இடத்திலேயே ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். தச்சரிடம் சொல்லி இரட்டைச் சட்டப் பலகைகளோடு செய்து, வெள்ளையடித்து, கதவு வடக்கே பார்க்குமாறு நிறுத்தினேன். மேலே சரிவில் உள்ள பெட்டி அப்படியே இருக்கிறது. இரண்டிலும் ஒரே வகைக் குறைந்தபட்ச வெப்பமானி. வைப்பதற்கு முன் இரண்டையும் ஒரே வாளி நீரில் அமிழ்த்தி, ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பார்த்தேன். குறைந்தபட்ச வெப்பமானியில் இருப்பது பாதரசம் அன்று, ஆல்கஹால். அதில் ஒரு சிறு துளி ஆவியாகிக் குழாயின் மேல் முனையில் போய் ஒட்டிக்கொண்டால், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 1990-களில் ஒரு குளிர்காலம் முழுவதும் இப்படிப் படித்துவிட்டுப் பிறகு கண்டுபிடித்தேன். அதையாவது குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

முதல் வாரத்தின் விடை: வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். ஃபெஞ்சல் புயலின் எச்சம் மேற்கே நகர்ந்து வந்த நாட்கள், மலை முழுவதும் மேகம். பள்ளத்திலும் சரிவிலும் ஒரே அளவு, அல்லது 0.2 டிகிரி முன்பின்.

2025 ஜனவரி 5

வானம் தெளிந்த பிறகு கதையே வேறு. காற்று அசையாத, நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்த இரவுகளில் பள்ளத்துப் பெட்டி சரிவுப் பெட்டியைவிட 3 டிகிரி, சில நாட்களில் 4 டிகிரி குறைவாகக் காட்டுகிறது. பள்ளம்தானே தாழ்வான இடம், அங்கே வெப்பம் கூடவேண்டாமா என்று தோட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். பகலில் அது சரி. தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் தண்ணீர் இறங்குவதுபோல் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேகம் இருந்தால் தரை விட்ட வெப்பத்தின் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். காற்று வீசினால் தேங்கிய குளிர் கலைந்துவிடும். நீர்ப்பனி விழுந்து, பிறகு உறைபனி இறங்கும் காலத்தில் தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்வெளி வெண்மையாக இருக்க, சற்று மேலே உள்ள ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒன்றும் இராது. தேயிலைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும்: உறைபனியில் கருகாமலிருக்க, தாகை என்னும் காட்டுச் செடிகளை வெட்டிவந்து மூடுவது பள்ளத்துத் தேயிலையைத்தான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். படியின் அளவு ஒரே எண் என்று வைத்து, 1997-க்குப் பிந்தைய எல்லா எண்களிலிருந்தும் அதைக் கழித்துவிடலாம் என்று நவம்பரில் எண்ணியிருந்தேன். அது தவறு. மேகமுள்ள இரவுக்குத் திருத்தம் பூஜ்யம், தெளிந்த இரவுக்கு 3 அல்லது 4 டிகிரி. ஆகவே தெளிந்த இரவுகள் மிகுந்த ஆண்டுக்கும் மேகம் மிகுந்த ஆண்டுக்கும் வெவ்வேறு திருத்தம் தேவை. நல்வேளையாக என் பதிவேட்டில் வானத்தின் நிலையையும் எழுதி வந்திருக்கிறேன். "தெளிவு", "மூட்டம்", "மஞ்சு" (மூடுபனி) என்று ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று எழுதியபோது தெரியாது.

2025 ஜனவரி 12

மாணவர் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கிறார்: 275 கிலோமீட்டர் கட்டம் பெரிது என்றால், 1 கிலோமீட்டர் அளவில் தரையின் வெப்பத்தைப் பார்க்கும் மோடிஸ் கருவி போதாதா?

அது வேறு வகை அளவீடு. அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு தரையின் மேற்பரப்பு, தேயிலை இலை, கூரைத் தகடு, தார்ச்சாலை ஆகியவற்றின் வெப்பத்தை அது அளக்கிறது. காற்றின் வெப்பத்தை அன்று. வெயிலில் நிற்கும் தகரக் கூரை கையைச் சுடும்போதும் பெட்டிக்குள் 20 டிகிரிதான் இருக்கும். மேகத்தை ஊடுருவி அதனால் பார்க்க முடியாது. தென்மேற்குப் பருவத்தில் குந்தாப் பக்கம் பல நாட்கள் தொடர்ந்து எண்ணே கிடைக்காது. இரவில் அது காண்பவை தெளிந்த இரவுகள் மட்டும், அதாவது குளிர்ந்த இரவுகள் மட்டும். மோடிஸைச் சுமக்கும் இரு கலங்களில் டெர்ரா இரவு சுமார் 10.30-க்கும் அக்வா சுமார் 1.30-க்கும் கடக்குமாறு அமைக்கப்பட்டவை, எங்கள் பள்ளத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை விடியலுக்குச் சற்று முன்பு வருகிறது. மேலும் டெர்ராவின் பாதையைச் சீர்செய்வது 2020-இல் நின்றுவிட்டதால் அதன் கடக்கும் நேரமும் முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது. நவம்பரில் எழுதிய அதே கதை.

இருந்தாலும் அதை ஒதுக்கவில்லை. இரவுப் படங்களில் நீலகிரியின் பள்ளங்களும் உதகை ஏரி ஓரமும் தனியே குளிர்ந்து தெரிவதை மகள் காட்டினாள். எங்கே பெட்டி வைக்க வேண்டும் என்று கேட்டால், அந்தப் படத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

2025 ஜனவரி 26

கொடைக்கானலிலிருந்து ஓர் அன்பர், "எங்கள் சூரிய ஆய்வகத்தில் நூற்றாண்டுக்கு மேலாக வானிலை பதிவாகிறது, உங்கள் 32 ஆண்டு எதற்கு?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. 1899-இல் தொடங்கிய அந்த நிலையம் தென்னிந்திய மலைகளின் பெருஞ்செல்வம். ஆனால் அது சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் மேட்டின் மேல் நிற்கிறது. ஊரின் ஏரியும் ஜிம்கானா மைதானமும் அதற்குக் கீழே உள்ள கிண்ணத்தில் இருக்கின்றன. உறைபனி முதலில் இறங்குவது அந்தக் கிண்ணத்தில். மேட்டில் இருக்கும் வெப்பமானி சுற்றிலும் கலந்து வீசும் காற்றை அளப்பதால், வட்டாரப் போக்கோடும் செயற்கைக்கோளோடும் ஒப்பிடுவதற்கு அதுவே தக்கது. பள்ளத்துப் பயிருக்கு என்ன நேர்கிறது என்று கேட்டால் அதனிடம் விடை கிடைக்காது.

பழைய அளவீடுகளை வானிலைக் கணினி மாதிரியில் இட்டுப் பெறும் மறுபகுப்பாய்வுத் தரவுகளை, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்குப் பயன்படுத்துவோர்க்கும் ஒரு சொல். அவற்றில் பரவலாகப் புழங்கும் தரவின் கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து பெரியகுளம் நேர்கோட்டில் 20 கிலோமீட்டருக்குள், ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே இருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு எந்த உயரத்தை வைத்தாலும் அது கொடைக்கானலும் ஆகாது, பெரியகுளமும் ஆகாது.

2025 பிப்ரவரி 16

தொடக்கத்தில் கேட்ட 29 டிகிரிக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அது ஒரு நாளின் உச்சம். 2023-24 எல் நினோவின் முடிவில், கோடை மழை தவறிய ஏப்ரலில் வந்தது. ஒரு நாளின் உச்சத்தைப் போக்கு என்று கொள்ள முடியாது. ஆனால் இதை ஒட்டி என் பதிவேட்டின் அதிகபட்ச வெப்பநிலையிலிருந்தும் செயற்கைக்கோள் எண்களைக் கழித்துப் பார்த்தேன். அதில் 1997-இன் படி மிகச் சிறிதாகவே இருக்கிறது. நண்பகலில் காற்று கலந்துவிடுவதால் பள்ளமும் சரிவும் பெரிதாக வேறுபடுவதில்லை. அதிகபட்சம் வட்டாரத்தின் பதிவு, குறைந்தபட்சம் இடத்தின் பதிவு என்று இப்போது தோன்றுகிறது. அதிகபட்ச வெப்பநிலையில் 1998, 2010, 2016 ஆகிய மூன்று எல் நினோ ஆண்டுகளும் இரு பதிவுகளிலும் எழுந்து நிற்கின்றன. மொத்தப் போக்கும் இரண்டிலும் மேல்நோக்கியே இருக்கிறது. மலை வெப்பமாகவில்லை என்று யாரும் என் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாதிட வேண்டாம்.

2025 மார்ச் 9

குளிர்காலம் முடிந்துவிட்டது; கொழுந்து துளிர்க்கத் தொடங்கிவிட்டது. இரண்டு பெட்டிகளின் மூன்று மாதக் கணக்கைக் கொண்டு, தெளிவு, மூட்டம், மஞ்சு என்று பிரித்து, 1997-க்குப் பிந்தைய ஒவ்வோர் இரவையும் பள்ளத்தின் அளவுக்கு இறக்கிப் பார்த்தோம். 2 டிகிரியில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எஞ்சுவது அரை டிகிரிக்குக் கீழே, மேல்நோக்கி. வட்டாரக் கணக்கிலிருந்து அது விலகி நிற்கவில்லை. ஆனால் ஒரே ஒரு குளிர்காலத்தில் கிடைத்த திருத்தத்தை 19 ஆண்டுகளுக்குப் பொருத்தியிருக்கிறேன். இந்த எண்ணின் மேல் நான் எதையும் கட்டமாட்டேன்.

இந்த எண் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் புல்வெளிகளின் இருப்பே அந்தப் பள்ளத்துக் குளிரைச் சார்ந்தது. சோலை மரக் கன்றுகள் திறந்த புல்வெளிக்கு வராமல் நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. பள்ளத்தின் குறைந்தபட்சம் உண்மையாகவே ஏறுகிறதா, அல்லது பெட்டிதான் ஏறியதா என்பதைப் பிரித்தறியாமல் அதைப் பற்றி ஒரு வரிகூட நேர்மையாக எழுத முடியாது. மலையில் பழைய தோட்டங்கள் பலவற்றில் இத்தகைய பதிவேடுகள் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் தயவுசெய்து எண்களோடு குறிப்புப் பத்தியையும் நகலெடுங்கள். பெட்டியை யார், எந்த ஆண்டு, எங்கே நகர்த்தினார்கள் என்று அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

ஓடைக்கரைப் பெட்டியை எடுக்கப் போவதில்லை. ஜனவரியில் கேள்வி கேட்ட அந்த இளைஞரே இனி காலை 7 மணிக்கு இரண்டையும் படிப்பார்.

2025 மார்ச் 11

ஒரு விடுபாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வெப்பமானியைப் படித்ததில்லை. ஆகவே திங்கட்கிழமை எழுதிய குறைந்தபட்சம் இரண்டு இரவுகளில் குளிர்ந்த இரவுக்கு உரியது. 32 ஆண்டும் இதே வழக்கம் இருந்ததால் போக்கு மாறாது. ஆனால் வானத்தின் நிலை திங்கள் காலைக்கு உரியது, வெப்பநிலை ஒருவேளை ஞாயிறு இரவுக்கு முந்தைய இரவுக்கு உரியது. எனவே மார்ச் 9 கணக்கிலிருந்து எல்லாத் திங்கட்கிழமைகளையும் நீக்கிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.